அத்தையின் பால் சுறாவும் கணவரின் பட்டியலும்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம், முதல் பிரசவம். அம்மா இல்லாததால் பிரசவமும் புகுந்த வீடான தூத்துக்குடியில்தான். அத்தை வீட்டில் மீன் இல்லாத நாள் என்றால் அது வெள்ளிக்கிழமை மட்டும். முதல் மூன்று மாதம் குமட்டலில் வேறு எதுவும் இறங்காமல் மாசிக் கருவாட்டுச் சம்பலும் சோறுமாக ஓட்டினேன். துபாயில் வேலை பார்க்கும் என் கணவர், மீனில் பாதரசம் இருக்கிறது, அது குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று ஒரு பட்டியலை அனுப்பினார். அன்றிலிருந்து நான்கு மாதமாக நான் மீனைத் தொடவில்லை. அத்தைக்கு வருத்தம். மஞ்சளும் புளியும் போட்டுக் கழுவினால் எந்த விஷமும் நிற்காது என்கிறார். பிரசவம் முடிந்ததும் பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்வதற்காக, பால் சுறா வேண்டும் என்று இப்போதே மீன்காரரிடம் சொல்லிவைத்துவிட்டார். கணவரின் பட்டியலில் முதல் பெயரே சுறாதான். முன்பு சாப்பிட்ட மாசியால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாசியைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுவோம். மற்றதெல்லாம் பிறகு. நான் மருத்துவர் அல்ல. ஏற்றுமதிக்குப் போகும் மீனைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதரசத்தை அளப்பதுதான் அங்கே என் அன்றாட வேலை. அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

மாசிக்குப் பெரும்பாலும் வயிற்றில் கோடு ஓடும் சின்னச் சூரையைத்தான் எடுக்கிறார்கள். அந்த இனத்தின் பச்சை மீனில் கிலோவுக்குச் சராசரியாக 0.14 மில்லிகிராம் பாதரசம் இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைகள் சொல்கின்றன. மீனை வேகவைத்துக் காயவைக்கும்போது தண்ணீர் போகும், பாதரசம் போகாது. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் மாசியில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு வேளைச் சம்பலுக்கு எவ்வளவு மாசி இடிப்பீர்கள்? பத்து கிராம் இருக்குமா? அதில் 5 மைக்ரோகிராம் பாதரசம். தினமும் சாப்பிட்டிருந்தாலும் வாரத்துக்கு 35. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, வயிற்றில் வளரும் பிள்ளையை மனத்தில் வைத்தே 2003இல் ஒரு வரம்பு வகுத்தது: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரம் 1.6 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 ஆகிறது. நீங்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் மீனே கிடையாது. மீன் வழியாக ரத்தத்தில் ஏறும் பாதரசம் ஏறக்குறைய ஐம்பது நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். உங்கள் உடம்பில் சேர்ந்தது இந்நேரம் கால் பங்குக்கு வந்திருக்கும். இதற்காக ரத்தமும் தலைமுடியும் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு வேறு செலவு வரும்.

இனி அதே கணக்கைச் சுறாவுக்குப் போடுவோம். அதே நிர்வாகத்தின் சோதனைகளில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.98 மில்லிகிராம். நூற்றைம்பது கிராம் சுறாக் கறி சாப்பிட்டால் 147 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அறுபது கிலோப் பெண்ணின் ஒரு வார வரம்பு ஒரே வேளையில் தாண்டிவிடுகிறது. உங்கள் ஊரில் சாளை என்னும் மத்தியினத்தின் சராசரியோ 0.013. நூற்றைம்பது கிராம் மத்தியில் 2 மைக்ரோகிராம்தான். அந்த 96ஐ மத்தியால் நிரப்ப வேண்டுமானால் வாரத்துக்கு ஏழு கிலோ மத்தி தின்ன வேண்டும். இவை அமெரிக்கச் சந்தைக்கு வந்த மீன்களின் சராசரிகள். நம் கடல் மீனுக்கு அங்குமிங்கும் மாறும். ஆனால் எழுபது மடங்கு என்கிற இடைவெளி எந்தக் கடலிலும் மூடிவிடாது. கணவர் சுறாவைக் கண்டு பயந்தது சரி. அதற்காக மத்தியையும் சேர்த்து நிறுத்தச் சொன்னதுதான் தவறு.

ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். மீனின் முதுகுச் சதையில் அரை கிராம் அளவு வெட்டியெடுத்து நைட்ரிக் அமிலத்தில் சூடாக்குவோம். பழுப்பு நிறப் புகை குபுகுபுவென்று எழுந்து அடங்கியதும் சதை முழுவதும் கரைந்து, தெளிந்த திரவமாக நிற்கும். அதில் வெள்ளீய உப்பைச் சேர்த்தால் பாதரசம் மட்டும் ஆவியாகப் பிரிந்து ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும். குழாயின் குறுக்கே பாயும் புற ஊதா ஒளியை அந்த ஆவி எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் அளவு. பழைய கருவியில் முள் இருந்தது. மத்தியின் மாதிரியை வைத்தால் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், மாதிரியைப் போட மறந்துவிட்டோமோ என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாள்மூக்கு மீனின் மாதிரியை வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முள் தாவி எழும்.

ஒருமுறை ஒரே படகு இறக்கிய வாள்மூக்கு மீன்கள் வந்தன. சின்னவை எல்லாம் தேறிவிட்டன. ஆள் உயரம் இருந்தவை மட்டும் ஐரோப்பா வைத்திருந்த கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரம்பைத் தாண்டித் தள்ளுபடியாயின. “எல்லாம் ஒரே தண்ணீரில் நீந்தியவைதானே சார், அது எப்படி இது நல்லது அது கெட்டது என்கிறீர்கள்?” என்று உரிமையாளர் என் மேசைக்கு வந்து சண்டை போட்டார். நியாயமான கேள்வி. அவர் நஷ்டத்தில் நின்று கேட்டதை நீங்கள் பயத்தில் நின்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் ஒன்றுதான். அந்தத் தண்ணீரில் இருக்கும் பாதரசம் மிக மிகச் சொற்பம். குடித்தாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மிதக்கும் நுண்பாசி அதைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துவைக்கிறது. பாசியைத் தின்னும் நுண்ணுயிரி ஆயிரம் பாசிகளின் சேமிப்பையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. அதை மத்தி தின்கிறது, மத்தியைச் சூரை, சூரையைச் சுறா. வாங்குவது வேகம், வெளியேற்றுவது மந்தம். உங்கள் ஊர்ப் பக்கம் கந்துவட்டிக்கு வாங்கியவர்களைக் கேட்டால் இந்தக் கணக்கை என்னைவிட நன்றாக விளக்குவார்கள். ஒவ்வொரு வாயிலும் வட்டி ஏறி, கடைசி வாய்க்கு வந்து சேரும்போது சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்குகூட ஆகிவிடுகிறது. மத்திக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். வட்டி ஏறுவதற்குள் செத்துவிடும். பெரிய சுறா இருபது முப்பது வருடம் தின்றுகொண்டே இருக்கும். ஆக மீனைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை இரண்டு: இதன் வயது என்ன, இது எதைத் தின்று வளர்ந்தது?

பாதரசம் என்றதும் நம் மனத்தில் வருவது உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து தரையில் உருண்டோடும் வெள்ளி மணிகள். மீனில் இருப்பது அந்த உருவம் அல்ல. நிலக்கரியை எரிக்கும்போதும், சிறு சுரங்கங்களில் பாதரசத்தைக் கலந்து தங்கம் பிரிக்கும்போதும் அது ஆவியாகி மேலே போகிறது. 2015ஆம் ஆண்டில் மட்டும் மனிதர் செயலால் காற்றில் கலந்தது ஏறத்தாழ 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கம் பிரிப்பதிலிருந்து வந்தது. அந்த ஆவி மாதக்கணக்கில் காற்றில் உலகம் சுற்றிவிட்டுத்தான் கடலில் விழுகிறது. ஆகவே உங்கள் ஊர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைக் காட்டி, மன்னார் வளைகுடா மீனில் இருப்பதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. கடலில் விழுந்ததை, காற்றில்லா இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. தெர்மாமீட்டர் பாதரசத்தைத் தவறி விழுங்கினாலும் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மெத்தில் பாதரசமோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்விடும். ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பின்னர் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியைச் சோதித்தபோது தண்ணீரில், சேற்றில் மட்டுமல்ல, மீனிலும் பாதரசம் இருந்தது.

காற்றில் கலப்பதைக் குறைத்தால் மீனில் உடனே குறைந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. மூன்று பெருங்கடல்களிலிருந்தும் 1971 முதல் 2022 வரை எடுக்கப்பட்ட சூரை மீன் மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வந்தது. ஐம்பது வருடத்தில் சூரையின் பாதரசம் பெரும்பாலான இடங்களில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆழ்கடலில் தேங்கிக் கிடக்கும் பழைய பாதரசம் மேலே வந்துகொண்டே இருக்கிறது. எந்த மீன் என்று பார்த்து எடுக்கும் இந்த வேலை உங்கள் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும்கூட இருக்கும்.

அத்தையின் மஞ்சளுக்கும் புளிக்கும் வருகிறேன். கவிச்சி போக, கிருமியைக் கொஞ்சம் அடக்க அவை நல்லவை. கழுவுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் மெத்தில் பாதரசம் மீனின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு அல்ல. சதையின் புரதத்தில் இருக்கும் கந்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தோலை உரித்தாலும் கொழுப்பை வழித்தாலும் போகாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. குடலைக் களைந்தாலும் சதையில் நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் அதைப் பிரிக்கக் கொதிக்கும் அமிலம் தேவைப்பட்டது. புளிக்கரைசல் அந்த வேலைக்குப் போதாது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாதரசம் கொழுப்பில் அல்லாமல் புரதத்தில் ஒட்டுவதால்தான் மீன் எண்ணெய் மாத்திரையில் அது ஏறக்குறைய இருப்பதே இல்லை. மாத்திரை எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு எடுங்கள். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம் இருக்கும், கர்ப்பத்தில் அது ஆகாது.

குழந்தையின் மூளை என்று கணவர் சொன்னது மிகையா? இல்லை. மெத்தில் பாதரசம் உடம்பிலுள்ள ஒரு அமினோ அமிலத்தோடு சேர்ந்து, இன்னொரு சத்தைப்போல் வேடமிட்டு, நஞ்சுக்கொடியையும் மூளையின் காவலையும் தாண்டிவிடும். தொப்புள்கொடி ரத்தத்தில் அது தாயின் ரத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகவே இருக்கும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை பல வருடம் மெத்தில் பாதரசம் கலந்த கழிவைக் கொட்டியது. முதலில் பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன. 1956 மே 1ஆம் தேதி அந்தத் தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனையே இனம் தெரியாத நரம்பு நோய் என்று அரசுக்கு அறிவித்தது. கழிவு நின்றதோ 1968இல். அங்கே பார்த்தவர்களை உலுக்கிய விஷயம் என்னவென்றால், பெரிதாக ஒன்றும் இல்லை என்று நடமாடிய தாய்மார்கள் கைகால் இயங்காத, பேச்சு வராத குழந்தைகளைப் பெற்றதுதான். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை உடைக்க உதவிய சாட்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானியர் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உடையவர்கள். நம் பக்கம் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவோமே, அதுபோல. வருடங்கள் கழித்து அந்தக் கொடிகளைத் திறந்து சோதித்தபோது மெத்தில் பாதரசம் அப்படியே காத்திருந்தது.

ஆனால் மினமாட்டாவை வைத்துத் தூத்துக்குடி மீன் சந்தையை அளக்கக்கூடாது. அங்கே இருந்தது ஒரு தொழிற்சாலையின் கழிவுக்குழாய் நேராகத் தட்டில் வந்து விழுந்த கதை. சாதாரணமாக மீன் சாப்பிடும் தாய்மார்களைப் பற்றி அறிய இரண்டு தீவுகளைப் பார்க்க வேண்டும். வட அட்லாண்டிக்கில் பரோயே தீவுகளில் 1986, 87ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கர்ப்பத்தில் தாய்க்கு அதிகப் பாதரசம் ஏறியிருந்தால், ஏழு வயதில் குழந்தையின் கவனத்திலும் நினைவாற்றலிலும் மொழியிலும் சின்னச் சின்னக் குறைவு தெரிந்தது. நம் இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கும் சீஷெல்ஸ் தீவிலும் எழுநூறுக்கு மேற்பட்ட தாய் சேய்களைப் பார்த்தார்கள். அங்கே கர்ப்பிணிகள் வாரம் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்டார்கள். தாயின் முடியில் பாதரசம் பரோயேயைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. ஆனாலும் குழந்தைகளிடம் தெளிவான பாதிப்பு தென்படவில்லை.

இந்த முரண்பாட்டை வைத்து விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். என் வாசிப்பைச் சொல்கிறேன். பரோயேக்காரர்களுக்குப் பாதரசம் வந்தது முக்கியமாகத் திமிங்கில இறைச்சியிலிருந்து. அது மீனல்ல, கொன்று தின்னும் பெரிய விலங்கு. திமிங்கிலம் கிடைத்த நாளில் மூட்டையாக இறங்கும், அதன் கொழுப்பில் வேறு ரசாயனங்களும் சேர்ந்து வரும். சீஷெல்ஸ்காரர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண மீன் தின்றார்கள். பாதரசத்தோடு மூளைக்கு வேண்டிய கொழுப்பமிலமும் அயோடினும் செலினியமும் சேர்ந்தே போயின. மீனை விட்டதற்கும் ஒரு விலை உண்டு என்று காட்டியது இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் நடந்த ஆய்வு. சுமார் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்டார்கள். வாரம் 340 கிராமுக்குக் குறைவாக மீன் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளே மொழித்திறனில் பின்தங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த 340 கிராம், அப்போது அமெரிக்கா கர்ப்பிணிகளுக்கு ‘இதைத் தாண்டாதே’ என்று சொல்லியிருந்த அளவு!

நான்கு மாதம் மீனை விட்டதற்காக வருந்த வேண்டாம். குழந்தையின் மூளை வேகமாக எடை போடுவதே இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். இப்போது தொடங்குங்கள்.

எதை வாங்குவது? இங்கேதான் கணவரின் பட்டியல் குழப்பம் செய்திருக்கும். அது அமெரிக்கச் சந்தைக்கு எழுதப்பட்டது. ‘தவிர்க்கவும்’ என்ற பகுதியில் ‘கிங் மேக்கரல்’ என்று ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மேக்கரல் என்றால் அயிலைதானே என்று கானாங்கெளுத்தியையும் சேர்த்து விலக்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். அது அட்லாண்டிக் கடலின் மீன். நம் ஊர் வஞ்சிரத்துக்கு, உங்கள் ஊர்ப் பேச்சில் சீலாவுக்கு, குமரிக்காரர்களின் நெய்மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அயிலையோ மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் ஒரு சாண் மீன். பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. அதே பட்டியலில் இருக்கும் டைல்பிஷ்ஷும் ஆரஞ்ச் ரஃபியும் உங்கள் மீன் சந்தைப் பக்கமே வராதவை. அவற்றை மறந்துவிடுங்கள்.

சாளை, நெத்திலி, அயிலை, காரல், கிழங்கான், மடவை, கணவாய், இறால், நண்டு இவற்றில் எது புதிதாக வந்திருக்கிறதோ அதை வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடுங்கள். ஒரு வேளைக்கு நூறு கிராம் சதை போதும். சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்களுக்கு விலையும் குறைவு. பாறையும் விளமீனும் தட்டுக்கு முழுசாக அடங்கும் குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை வாங்கலாம். துண்டு போட்டு விற்கும் பெரிய சீலா, பெரிய களவாய், பெரிய சூரை ஆகியவை பிரசவம் வரை வேண்டாம். விருந்துக்குப் போன இடத்தில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டால் பதறவும் வேண்டாம். சுறா, மயில் மீன், வாள்மூக்கு மீன் இவற்றை மட்டும் அறவே தொடாதீர்கள். கத்தியால் வெட்டித் துண்டாக்காமல் விற்க முடியாத மீன் என்றால் ஒரு கணம் யோசியுங்கள். எனக்குத் தெரிந்து சந்தையில் பயன்படும் எளிய அளவுகோல் இதுதான். மாசி சிட்டிகையளவு என்றால் தப்பில்லை. ஆனால் எல்லாக் கருவாட்டிலும் உப்பு ஏராளம். ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு தொடுங்கள்.

இனிப் பால் சுறா. அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற உடம்புக்கு முள் இல்லாத, பஞ்சுபோல் உதிரும், எளிதில் செரிக்கும் புரதம் வேண்டும் என்று யாரோ ஒரு பாட்டி கண்டுபிடித்த உணவு அது. சுறாவை வேகவைத்து, மணல்போல் இருக்கும் தோலைச் சுரண்டி, துணியில் பிழிந்து, உதிர்த்து, உரித்த பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் அள்ளிப் போட்டுக் கிளறினால் தெருவே மணக்கும். அம்மா இல்லாத மருமகளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவைத்த மனம் அந்தப் புட்டில் இருக்கிறது. ஆனால் சுறாவுக்குத் தனியாகப் பால் சுரக்கவைக்கும் சக்தி இருப்பதாக ருசுவில்லை. பால் சுரப்பது குழந்தை சப்பச் சப்ப. தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கவும் வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், பிரசவத்துக்குப் பிறகு கணக்கு கொஞ்சம் தளர்கிறது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டும் வேகத்தில் தாய்ப்பாலுக்குள் போவதில்லை. மிகச் சிறிதளவே போகும். பால் சுறா என்பதும் சின்ன இனம். ஓரடி நீளத்தில் பிறந்து, பெரும்பாலும் மூன்றரை அடி அளவோடு நின்றுவிடும். முப்பது வருடம் வட்டி சேர்த்த பெரிய சுறாவோடு இரண்டடிப் பால் சுறாவைச் சேர்த்து வைக்க முடியாது. ஆகவே அத்தையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லாமல் இப்படிச் சொல்லிப்பாருங்கள்: பிரசவத்துக்குப் பிறகுதான்; தலையும் வாலும் சேர்த்து இரண்டடிக்குள் இருக்கும் முழு மீனாக வாங்க வேண்டும்; ஓரிரு முறை போதும். ‘பால் சுறாதான்’ என்று சொல்லிப் பெரிய சுறாவின் துண்டைத் தலையில் கட்டுவார்கள், அதற்குத்தான் முழு மீன். சில சுறா இனங்களைப் பிடிப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் மீன்காரரிடம் நினைவுபடுத்துங்கள். மற்ற நாள்களில் அதே புட்டை மடவையை வேகவைத்து முள் எடுத்துச் செய்யலாம். கை வேலை கூடும். பூண்டு அதே பூண்டுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். முகம் வெளுக்க ஏதாவது கிரீம் பூசுகிறீர்களா? தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவாக, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்ததாக இருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். 2023இல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இப்படிப்பட்ட கிரீம்களால் சிறுநீரக நோய் வந்தவர்களை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கிரீமில் இருந்தது பாதரசம். அதுபோலவே பிரசவ லேகியத்தோடு யாராவது செந்தூரம் என்று சிவப்புப் பொடி கொடுத்தால், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் வாயில் போடாதீர்கள். லிங்கச் செந்தூரத்துக்கு மூலப்பொருளே பாதரசத் தாதுதான். மீனைப் பற்றி இத்தனை கவலைப்படும் வீடுகளில் இந்த இரண்டும் அலமாரியில் சத்தமில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணவருக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடுங்கள். துபாயில் அவர் நண்பர்களோடு ஓட்டலில் ஆசையாகச் சாப்பிடும் ஹமூர், நம் ஊர்க் களவாய் இனம்தான். அவர் அனுப்பிய பட்டியலிலேயே நடுவில் எங்காவது இருக்கும், தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சாப்பிடலாம். அவர் வயிற்றில் பிள்ளை இல்லை.